ஆலயத்திலிருந்து அங்காடிக்கு: ஸ்டேப்பிள் குடும்பத்தாரின் பாடற்பணி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபை வரலாற்றைக் கற்கும் நம்மவர், பெரும்பாலும் அச்சபையின் போதகர்களையும் அவர்தம் பிரசங்கங்களையும் குறித்தே படிக்கின்றனர். பாடகர்களைப் பற்றிய செய்திகள் நம் வகுப்பறைகளுக்கு அதிகமாய் வந்து சேருவதில்லை. ஆனால் அம்மக்களின் விசுவாசம் ஆலயச் சுவர்களைக் கடந்து நாட்டின் தெருக்களை அடைந்தபோது, அது பெரும்பாலும் பாடலாகவே சென்றடைந்தது. அவ்வாறு சென்ற ஒரு குடும்பத்தின் வரலாறு இறையியல் மாணவரின் கவனத்திற்கு உரியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1972ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், இசைத்தட்டுகளின் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கணக்கிட்டு 'பில்போர்டு' என்னும் அமெரிக்க வார இதழ் வெளியிடும் பட்டியலில் 'ஐல் டேக் யூ தேர்' என்னும் பாடல் முதலிடம் பெற்றது. 'அங்கே உன்னை அழைத்துச் செல்வேன்' என்பது அத்தலைப்பின் பொருள். பாடியவர்கள் ஒரு தந்தையும் அவருடைய மூன்று புதல்வியரும் ஆவர். தந்தைக்கு அப்போது வயது 57. கால் நூற்றாண்டுக்கு அண்மையான காலம் ஆலயங்களில் பாடி வந்த குடும்பம் அது. முதலிடம் பெற்ற அப்பாடலிலோ கிறிஸ்துவின் நாமம் இல்லை. கேட்டோரிற் பலர் அதனைப் பக்திப் பாடலாகவே கொண்டனர். ஆலயத்தாரிற் பலர் அது சாத்தானின் இசை என்று முகஞ்சுளித்தனர். இவ்விரு சாராரும் ஒரே பாடலையே கேட்டனர் என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி.

அவ்வகை இசைக்கு 'சோல்' என்று பெயர். ஆன்மா என்பதே அச்சொல்லின் பொருள். சந்தையில் விற்கும் பொருளொன்றுக்கு ஆன்மா என்னும் பெயர் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. கறுப்பினத்தார் வாங்கும் இசைத்தட்டுகளைப் பில்போர்டு இதழ் பொதுப் பட்டியலினின்று பிரித்துத் தனியே வரிசைப்படுத்தி வந்தது. 1940களில் அத்தனிப் பட்டியலுக்கு 'இன இசைத்தட்டுகள்' என்றே தலைப்பிட்டனர். 1949இல் அது 'ரிதம் அண்ட் புளூஸ்' என்றாயிற்று. 1969இல் 'சோல்' என்றாயிற்று. இனம் என்ற சொல் இருந்த இடத்தில் ஆன்மா என்ற சொல் வந்தமர்ந்தது. தனிப் பட்டியல் மட்டும் நீங்கவில்லை. இசையைப் பொறுத்தவரை, பிரசங்கியார் கூவிச் சொல்வதும், சபையார் மறுமொழி கூறுவதும், கைதட்டலும், கண்ணீரும் நிறைந்த கறுப்பினத்தாரின் ஆராதனை முறையை உலகியற் பொருள்களைப் பாடும் பாடலுக்குள் கொண்டுவந்ததே சோல் எனலாம். ரே சார்ல்ஸ் 1950களில் அவ்வழியைத் திறந்தார். 'சோல் ஸ்டிர்ரர்ஸ்' என்னும் நற்செய்திப் பாடற்குழுவின் முதன்மைப் பாடகரான சாம் குக், போதகர் ஒருவரின் மகன். அவர் 1957இல் அக்குழுவைவிட்டு நீங்கிக் காதற் பாடல்களால் பெரும்புகழ் எய்தினார். ஆலயத்தை விட்டுச் சென்றவர்களின் வரிசையில் அவரை வைப்பது வழக்கம். ஸ்டேப்பிள் குடும்பத்தாரை அவ்வரிசையில் எளிதில் வைக்க இயலாது.

குடும்பத் தலைவரான ரோபக் ஸ்டேப்பிள்ஸ் 1914ஆம் ஆண்டு டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் வைனோனா என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். பிள்ளைகள் அவரை 'பாப்ஸ்', அதாவது அப்பா என்று அழைக்க, பின்னர் நாடே அவ்வாறு அழைத்தது. டாக்கரி என்னும் பெரும் பருத்திப் பண்ணையில் அவர் வளர்ந்தார். புளூஸ் இசையின் முன்னோடியாக இன்று போற்றப்படும் சார்லி பாட்டன் அப்பண்ணையில் கிட்டார் வாசித்துப் பாடுவதை இளமையில் கேட்டு, தாமும் அக்கருவியைக் கற்றார். சனிக்கிழமை இரவில் புளூஸ், ஞாயிறு காலையில் ஆலயப் பாடல் என்பது அப்பகுதியின் வாழ்க்கை முறை. இரண்டையும் பாடியவர் ஒரே மக்கள். ஆயினும் இரண்டுக்கும் இடையே சபை பெருஞ்சுவர் ஒன்றை எழுப்பியிருந்தது. கிட்டாரே பாவத்தின் கருவி எனக் கருதப்பட்ட சபைகள் உண்டு.

1936இல் அவர் மனைவி ஓசியோலாவுடனும் குழந்தைகளுடனும் வடக்கே சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். தென்மாநிலங்களின் பருத்தி வயல்களையும் இனக்கொடுமையையும் விட்டு இலட்சக்கணக்கான கறுப்பினத்தார் வடநகரங்களுக்குச் சென்ற காலம் அது. இறைச்சித் தொழிற்கூடங்களிலும் பிற ஆலைகளிலும் உழைத்த அந்த ஆண்டுகளில் அவர் கிட்டாரைத் தொடவில்லை.

அதே சிகாகோவில்தான் தாமஸ் ஏ. டார்சி என்பவர் 'காஸ்பல்' எனப்படும் நற்செய்தி இசைக்கு உருக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் போதகரின் மகன். இளமையில் புளூஸ் பியானோக் கலைஞர். 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்த துயரில் அவர் இயற்றிய 'பிரெஷஸ் லார்ட்' என்னும் பாடல் உலகத் திருச்சபையின் சொத்தாகிவிட்டது. தொடக்கத்தில் அவருடைய பாடல்களைப் பல சபைகள் ஏற்க மறுத்தன என்பதை நாம் மறத்தலாகாது. இன்று எவரும் ஐயுறாத பக்திப் பாடலும் ஒரு காலத்தில் புளூஸ் வாடை வீசும் பாடலாகவே எண்ணப்பட்டது.

சிகாகோவில் பாப்ஸ் முதலில் ஓர் ஆடவர் குழுவில் பாடினார். குழுவினர் ஒத்திகைக்கு ஒழுங்காக வருவதில்லை. (பாடற்குழுத் தலைவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) சலிப்புற்ற அவர் அடகுக் கடையில் ஒரு கிட்டாரை வாங்கி வந்து, வீட்டிலேயே தம் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக அமரவைத்துப் பாடக் கற்பித்தார். மிசிசிப்பியில் தாமும் தம் உடன்பிறந்தாரும் பாடிய குரற்பகுதிகளை ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரித்துக் கொடுத்தார். அவர் முதலிற் கற்பித்தது, பிரிந்த குடும்பம் மறுகரையில் மீண்டும் ஒன்றுசேருமோ என வினவும் 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' என்னும் பாடல். 1948இல் உறவினர் வழியாகச் சிகாகோ ஆலயம் ஒன்றில் முதன்முறையாகப் பாடினர். மூத்த மகள் கிளியோதா, மகன் பர்விஸ், மகள் யுவான், 1939இல் பிறந்த மேவிஸ் ஆகியோரே அப்பிள்ளைகள்.

1956இல் 'வீ-ஜே' என்னும் இசைத்தட்டு நிறுவனத்திற்காக அவர்கள் பாடிய 'அன்கிளவுடி டே' அவர்களை நாடறியச் செய்தது. மேகமற்ற அந்த நாளைப் பற்றிய அப்பாடலை 1879இல் ஜே. கே. ஆல்வுட் என்னும் வெள்ளையினப் போதகர் இயற்றினார். அந்தப் பழைய ஞானப்பாட்டின் கீழே, நீர்ப்பரப்பில் நிலவொளி நடுங்குவதுபோல நடுங்கி ஒலிக்கும் பாப்ஸின் கிட்டார் கேட்கிறது. அது டாக்கரிப் பண்ணையில் கற்ற புளூஸ் விரல். மேவிஸின் ஆழ்ந்த குரலைக் கேட்டவர்கள் முதிர்ந்த பெண்மணியோ ஆடவரோ பாடுவதாக எண்ணினர். அவருக்கு அப்போது பதினேழு வயது. பின்னாளில் இக்குடும்பத்தார் உலக இசையை நாடிச் சென்றதாகக் குறைகூறியோர், 1956இலேயே உலக இசை அவர்கள் கைவழியாக ஆலயத்துக்குள் வந்து, வணங்கி அமர்ந்துவிட்டதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆலயத்திற்கும் அங்காடிக்கும் இடையிலான பாதை என்றுமே ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை.

உலகியற் பாடல்களைப் பாடினால் பெருஞ்செல்வம் ஈட்டலாம் என்ற அழைப்பு, சிறப்பாக மேவிஸின் குரலை முன்னிட்டு, அவர்களுக்கும் வந்தது. தந்தை இசையவில்லை. 1957இல் மேவிஸ் பள்ளிப் படிப்பை முடித்தபின் குடும்பம் முழுநேரமாகப் பயணம் செய்து ஆலயங்களிலும் அரங்குகளிலும் பாடியது. தென்மாநிலங்களில் உணவகத்திலும் விடுதியிலும் இடம் மறுக்கப்பட்ட அந்நாளைய பயணத் துன்பங்கள் பலரும் அறிந்தவையே.

அவர்கள் பாடலின் போக்கைத் திருப்பியவர் ஒரு போதகர். மாண்ட்கோமெரி நகருக்குப் பாடச் சென்றிருந்தபோது பாப்ஸ் அங்கே டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கிப்பதைக் கேட்டார். விடுதிக்குத் திரும்பியதும், இவர் பிரசங்கிப்பதை நாமும் பாடலாக்கலாமே என்று பிள்ளைகளிடம் கூறினாராம். அதன்பின் கிங் பேசிய கூட்டங்கள் பலவற்றில் அவர்கள் பாடினர். 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமெரிக்கு நடந்த பேரணியை முன்னிட்டு 'பிரீடம் ஹைவே' என்னும் பாடலை இயற்றி, அடுத்த மாதமே சிகாகோவின் நியூ நாசரேத் ஆலயத்தில் ஆராதனைக் கூட்டத்தின் நடுவே பாடிப் பதிவு செய்தனர். 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் நுழைய முயன்ற ஒன்பது கறுப்பின மாணவர்கள் பட்ட அவமானத்தை நினைந்து பாப்ஸ் எழுதிய 'வொய்' என்னும் பாடலைக் கிங் விரும்பிக் கேட்பார். அப்பாடல்தான் 1967இல் பொதுப் பட்டியலின் அடித்தட்டில் மெல்லத் தலைகாட்டியது. ஆகவே இவர்கள் பட்டியலுக்குள் முதலில் நுழைந்தது காதற் பாடலோடன்று, பள்ளிப் பிள்ளைகளின் வழக்கோடு என்பதைப் பதிவு செய்வது நேர்மை.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நகரில் இயங்கிய 'ஸ்டாக்ஸ்' என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் அவ்வாண்டின் நடுவில் ஸ்டேப்பிள் குடும்பத்தார் சேர்ந்தனர். அவர்களை அழைத்தவர் ஆல் பெல். ஆர்க்கன்சாவைச் சேர்ந்த இக்கறுப்பின வானொலி அறிவிப்பாளர் கிங்கின் இயக்கத்தில் சிலகாலம் பணியாற்றியவர். ஸ்டாக்ஸ் அப்போது தளர்ந்திருந்தது. அதன் தலைசிறந்த பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். முந்தைய பதிவுகளின் உரிமையும் வேறு நிறுவனத்திற்குப் போயிற்று. முதல் இரண்டு தொகுப்புகள் பெரிதும் விற்கவில்லை. பர்விஸ் விலக, அவரிடத்தில் யுவான் நின்றார்.

பின்னர் ஆல் பெல் தாமே பொறுப்பேற்று, கருவியிசையை அலபாமா மாநிலத்தின் மஸ்ஸல் ஷோல்ஸ் என்னுமிடத்தில் பதிவு செய்தார். அங்கு வாசித்த கலைஞர்கள் வெள்ளையர். செல்மாவும் மாண்ட்கோமெரியும் உள்ள அதே அலபாமா. பேரணியினர் தடியடி பட்ட சாலைகளிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், ஆறேழு ஆண்டுகளுக்குள், வெள்ளையின இளைஞர்கள் கறுப்பினக் குடும்பமொன்றின் விடுதலைப் பாடலுக்குத் தாளம் கொட்டினர். இதனை மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. ஊதியம் பெற்று வாசித்த தொழிற்கலைஞர்கள் அவர்கள். ஆனாலும் அவர்கள் கேட்டு வாசித்தார்கள்; கேளாமல் அப்படி வாசிக்க இயலாது.

1971இல் 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' பொதுப் பட்டியலில் பன்னிரண்டாம் இடத்தை எட்டியது. மாக் ரைஸ், லூதர் இங்கிராம் ஆகியோர் இயற்றிய அப்பாடலின் தலைப்பைச் சுயமரியாதை எனத் தமிழாக்கினால் நம் வாசகருக்கு வேறொரு வரலாறு நினைவுக்கு வரும். இங்கே அது, தன்னை மதியாதவன் பிறரையும் மதியான் என்னும் புத்திமதியாக, இனவெறியரையும் ஒழுங்கற்றவரையும் ஒரே மூச்சில் கடிந்துகொள்கிறது. அப்பாடல் அடங்கிய 1972ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பில், ஆங்கிலத்தில் மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களைக் குறிக்கும் சொல்லை இரண்டாகப் பிரித்து, 'உயர்ந்து நில்' என்று பொருள்படும்படி வைத்துள்ளனர். சிலேடையாயினும், வேதம் அறிந்தவர்களுக்கே அது விளங்கும்.

அத்தொகுப்பில் இருந்ததே 'ஐல் டேக் யூ தேர்'. கொலையுண்ட தம் இளைய சகோதரரை அடக்கம் செய்துவிட்டு, தந்தையின் வீட்டுப் பின்புறத்தில் கிடந்த பழைய பள்ளிப் பேருந்தின் முகப்பில் அமர்ந்திருந்தபோது அச்சொற்கள் தமக்கு வந்தன என்று ஆல் பெல் பின்னாளில் கூறியுள்ளார். வந்த சொற்களும் மிகச் சில. அழுகையும் கவலையும் வஞ்சக முகமும் இல்லாத ஓர் இடம் உண்டு என்று அறிவித்து, அங்கே அழைத்துச் செல்வதாக வாக்களித்து, எஞ்சிய நேரமெல்லாம் மேவிஸ் கூவ மற்றவர் மறுமொழி பகர்வதே பாடல். ஆராதனையின் உச்சத்தில் பிரசங்கம் சொற்களை இழந்து பாடலாகும் அந்த நிலையே இது. இடையில் மேவிஸ் தந்தையைக் கிட்டார் வாசிக்குமாறு அழைக்கிறார். இசைத்தட்டில் அவ்விடத்தில் உண்மையில் வாசிப்பவர் எடி ஹிண்டன் என்னும் வெள்ளையர் என்பது ஒரு சுவையான செய்தி. தொடக்க இசையோ 1969இல் ஜமைக்காவில் வெளிவந்த 'தி லிக்விடேட்டர்' என்னும் கருவியிசையிலிருந்து எடுக்கப்பட்டது. இயற்றியவர் பெயரில் ஆல் பெல் மட்டுமே காணப்படுகிறார். ஜமைக்கர் பெயர் இல்லை. நீதியைப் பாடிய பாடலில் இக்குறை இருந்ததைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

பாடல் கூறும் 'அங்கே' எது? ஆசிரியர் அதனைப் பெயரிடவில்லை. இல்லாதவற்றைச் சொல்லியே அவ்விடத்தை அடையாளம் காட்டுகிறார். இம்முறை நமக்குப் புதிதன்று. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரம் புதிய எருசலேமை விவரிக்கையில் மரணம், துக்கம், அலறுதல், வருத்தம், கடல், இரவு எனப் பலவும் அங்கு இல்லை என்றே பேசுகிறது. 22ஆம் வசனத்தின்படி அந்நகரத்தில் ஆலயமும் இல்லை. ஆலயத்தை விட்டு வெளியேறிய பாடலுக்கு இதனைச் சாதகமாக எடுத்துக்காட்ட எவரேனும் முற்படலாம். ஆனால் ஆலயம் இல்லாமைக்கு அவ்வசனம் கூறும் காரணம், தேவனும் ஆட்டுக்குட்டியானவருமே அதன் ஆலயமாயிருத்தல். பாடலில் நகரம் உண்டு, ஆட்டுக்குட்டியானவர் இல்லை. அவரை அறிந்தவர்களின் வாயிலிருந்து அது வந்ததால் அறிந்தவர்கள் செவியில் அவரும் கேட்டார். அறியாதவர்கள் செவியில் என்ன கேட்டது?

அதே 1972ஆம் ஆண்டில் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 'ஸ்பிரிச்சுவல்களும் புளூஸும்' என்னும் நூலை வெளியிட்டார். அடிமைகளின் பாடலில் வரும் பரலோகம் வெறும் மறுமைக் கனவு அன்று, இம்மையின் விடுதலையையும் உட்கொண்டது என்றும், புளூஸ் பாடல்களை உலகியல் வடிவிலான ஸ்பிரிச்சுவல்களாகவே கருத வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அவரும் ஆல் பெல்லைப் போல ஆர்க்கன்சாவில் வளர்ந்தவர். கோன் நூலில் எழுதியதை ஸ்டேப்பிள் குடும்பத்தார் இசைத்தட்டில் செய்து காட்டினர் என்று கூறலாம். அவர்கள் தம் பாடல்களைச் 'செய்திப் பாடல்கள்' என்றே அழைத்தனர். சாத்தானின் இசை என்று சபையார் பழித்தபோது, சாத்தானுக்கென்று இசை ஏதும் இல்லை, இசையெல்லாம் தேவனுடையதே என்று மேவிஸ் விடையிறுத்தார். படைப்பைப் பற்றிய கோட்பாடாக அது முற்றிலும் சரி. ஆயினும் இசை தேவனுடையது என்பதால், இசைக்கு விலை வைக்கும் சந்தையும் தேவனுடையதாகிவிடாது.

இதற்குச் சான்று நெடுநாள் காத்திருக்கவில்லை. 1973இல் 'இஃப் யூ'ர் ரெடி' ஒன்பதாம் இடத்தை எட்டியது. அது முந்தைய பாடலின் நிழல். 1975இல் ஸ்டாக்ஸ் நிறுவனம் நொடித்துப் போக, அவர்கள் கர்ட்டிஸ் மேஃபீல்டின் நிறுவனத்தில் சேர்ந்து, திரைப்படம் ஒன்றிற்காக 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' என்னும் பாடலைப் பாடினர். சிற்றின்பச் சாயல் வெளிப்படையாகவே உள்ள அச்சொற்களைத் தாம் ஆலயத்து மனிதர் என்று கூறிப் பாட மறுத்தார் பாப்ஸ். மேஃபீல்டு அவரை இணங்கவைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அதுவும் முதலிடம் பெற்றது. பட்டியலைப் பொறுத்தவரை இரண்டு வெற்றிகளுக்கும் வேறுபாடு இல்லை. மூன்றரை ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒன்றாம் எண்ணே. நாமம் சொல்லப்படாத நகரத்தை ஏற்ற சந்தை, நகரமே இல்லாத பாடலையும் அதே மகிழ்ச்சியுடன் ஏற்றது. முந்தைய பாடலை நான் தயக்கமின்றி ஆதரிப்பேன். பிந்தையதை ஆதரிக்க எனக்கு இயலவில்லை. பாப்ஸின் முதல் தயக்கமே சரியான இறையியல் என்று தோன்றுகிறது.

ஆயினும் சபையின் பங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1965இல் ஆலயத்திற்குள்ளேயே விடுதலைப் பாடல் பாடியவர்களை, ஏழு ஆண்டுகளுக்குப் பின் அதே செய்தியை வானொலியில் பாடியமைக்காகச் சபையார் பலர் பழித்தனர். செய்தி எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்று பொறுமையாய் ஆராய்ந்து அவர்களுக்குச் சொல்ல ஒரு போதகர் அருகில் இருந்திருந்தால், மேஃபீல்டின் வாதத்துக்கு எதிரே பாப்ஸ் தனித்து நின்றிருக்க மாட்டார். சபையாரின் கண்டனம் 1972இலேயே முழுவதும் செலவழிந்துவிட்டதால், 1975இல் சொல்ல அவர்களிடம் புதிதாக ஒன்றும் எஞ்சவில்லை.

வெற்றியின் நாட்கள் அதன்பின் நீடிக்கவில்லை. 1994இல் பாப்ஸ் தனியே பாடி வெளியிட்ட 'ஃபாதர் ஃபாதர்' என்னும் தொகுப்புக்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. அதனை நற்செய்தி இசை வகையில் அல்லாமல், புளூஸ் வகையில் வழங்கினர். அப்போது அவருக்கு வயது எண்பது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் அவர் காலமானார். இறுதிக் காலத்தில் பதிவு செய்து முற்றுப்பெறாதிருந்த பாடல்களை மேவிஸிடம் ஒப்படைத்து, இதைத் தொலைத்துவிடாதே என்று கூறியிருந்தார். மேவிஸ் அவற்றைச் செம்மைப்படுத்தி 2015இல் அச்சொற்களையே தலைப்பாக இட்டு வெளியிட்டார்.